மேலேறுவதுபோல் தெரிந்த கான்

இன்று காலை சமையல்கட்டுக்குக் கூரை வேய மானாப் புல் வந்து இறங்கியது. வண்டிக்காரர் கட்டை அவிழ்த்து முற்றத்தில் உதறியதும் அந்த வாசனை எழுந்தது. எலுமிச்சந்தோலை ஈரமண்ணில் போட்டு மிதித்ததுபோல, சற்றுக் கசப்பான வாசனை. அவரிடம் ஏதோ கேட்கத்தான் வெளியே வந்தேன். கேட்க வந்தது மறந்துபோய், ஒரு தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் சரிவில் மழைநீருக்காக வெட்டிய வாய்க்கால், அந்தக் கானின் கரையில் நாம் நட்டது இந்தப் புல்தான்.

உங்களுக்கு எழுதலாமா என்று வெகுநாளாக யோசித்திருக்கிறேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் இருந்த காலத்தில் எழுதியிருந்தாலும் யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லித்தான் கேட்டிருப்பீர்கள். "ஐயா எழுதுனா சுத்தி வளைச்சுத்தான் எழுதுவாரு" என்று இடையில் சொல்லியும் இருப்பீர்கள். ஆகவே முறைப்படி, தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன். அதுவும் ஒழுங்காக வருமா என்று தெரியவில்லை.

அரிசிக் கப்பல்கள் சரியாக வராத காலம் அது. பதுளைக் கடைவீதியில் அரிசிக்காக ஜனங்கள் காலையிலிருந்தே நிற்பார்கள். நிலம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் தானியமும் கிழங்கும் பயிரிட வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிற்று. சரிவான நிலத்தில் மண் அடித்துக்கொண்டு போகாமலும், மழைநீர் வீணாக ஓடாமலும் எங்கே கான் வெட்டுவது, எங்கே கல் அடுக்குவது, எந்த இடத்தில் மரத்தை விட்டுவைப்பது என்று பார்த்துச் சொல்ல என்னைப் போன்ற சிலரை அனுப்பினார்கள். நிலத்துக்காரர் காசு எதுவும் தர வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் என் வேலைக்கு எமனாக இருந்தது. காசு வாங்காமல் ஒருவன் நம் நிலத்தை அளக்கிறான் என்றால் அதைத் தன் பேருக்கு எழுதி எடுக்கத்தான் அளக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெலிமடைப் பக்கத்தில் ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். நானும் அதிகம் வற்புறுத்தத் தெரியாதவன். வேண்டாம் என்றால் குடையை விரித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன்.

உங்கள் நிலம் தெமோதரைக்கு மேலே, கோப்பிச் செடிகள் நோயில் அழிந்த பிறகு யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சரிவு. தேயிலைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்ததையும் அஞ்சலையம்மாளின் கழுத்தில் கிடந்ததையும் கொடுத்து வாங்கியிருந்தீர்கள். நான் முதல்முறை வந்தபோது குரக்கன் என்னும் கேழ்வரகு போட்ட கொல்லையில் மண்ணைவிடக் கல்தான் அதிகம் தெரிந்தது. முந்தின ஐப்பசி மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. குரக்கன் பயிர் கிழவன் தலைமயிர்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது.

"காசு வேணாங்களா?" என்று கேட்டீர்கள்.

"வேண்டாங்க."

"அப்ப கைநாட்டு எதுலயும் வைக்கணுமா?"

"அதுவும் வேண்டாங்க."

நீங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "அஞ்சல, இவருக்கு ஒண்ணும் வேணாமாம். சாயத்தண்ணியாவது போடு. குடிக்கிறாரான்னு பாப்போம்" என்றீர்கள். நான் அந்த வெறுந்தேநீரைக் குடித்தேன். அதன்பிறகுதான் உட்காரச் சொன்னீர்கள்.

உங்களுக்கு வேறு வழி இல்லாமல் இருந்தது என்பதை அஞ்சலையம்மாள் சொல்லித்தான் அறிந்தேன். தோட்டத்துப் பெரிய கங்காணி அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வேலியருகே நின்று, "லயத்துல உங்க காம்பரா இன்னும் காலியாத்தான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாராம். அவர் அதட்டிச் சொல்வதில்லை, அன்பாகவே சொல்வார். "அந்த அன்புதான் ஐயா பயமா இருக்கு" என்றார் அந்த அம்மாள். இன்னொரு ஐப்பசி அதேபோல் பெய்தால் நிலத்தில் பாறைதான் மிஞ்சும். பிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு, தோட்டக் கூலிகளை வரிசையாக வைத்திருக்கும் லயத்தில் அந்த ஒற்றை அறைக்கே திரும்ப வேண்டும். விடிகாலையில் தப்பு மேளம் அடித்தால் எழுந்து பெரட்டுக் களத்தில் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். நீங்கள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஆவணியில் நாம் கானுக்குக் கோடு போட்டோம். என் கருவியை நீங்கள் வேடிக்கையாகப் பார்த்தது நினைவிருக்கிறது. ஒரு கம்பு, அதில் தொங்கும் ஒரு குழாய், அடியில் ஓர் இரும்புக் குண்டு. குழாய் வழியாகப் பார்த்தால் எதிரே ஒருவர் பிடித்திருக்கும் பலகையின் கோடு தெரியவேண்டும். தெரிந்த இடத்தில் முளை அடிக்க வேண்டும். அஞ்சலையம்மாள் பலகையைப் பிடித்தார். "மேல... இன்னும் கொஞ்சம் மேல... இல்ல, கீழ" என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்ல, அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முடிவாச் சொல்லுங்க ஐயா, கை கடுக்குது" என்றார். ஒவ்வொரு முளையையும் நான் திரும்பிப் போய் மறுபடி பார்த்தேன். உங்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கும். எனக்கே இருந்தது.

தோட்டத்துக் கான்கள் மழைத்தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஓடைக்குத் தள்ளிவிடும்படி சாய்வாக வெட்டப்பட்டவை. தண்ணீரோடு மண்ணும் போகும். நான் போட்ட கோடு மிகக் கொஞ்சமாகவே சாயும். தண்ணீர் நடந்து போகட்டும், ஓட வேண்டாம், மண் கானிலேயே தங்கட்டும் என்பது எண்ணம். செங்குத்தான மலையில் அப்படியொரு கோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு விபரீதம் நேரும். மலை மூக்குபோல் நீண்டு திரும்புகிற இடத்தில் அந்தக் கோடு மேலே ஏறுவதுபோல் கண்ணுக்குத் தெரியும். கருவியில் பார்த்தால் இறங்கும். நான் இதை உங்களிடம் விளக்கினேன். நீங்கள் தலையசைத்தீர்கள்.

அடுத்த வாரம் என்னை வெலிமடைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். நான் இல்லாத நாட்களில்தான் பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து கான் வெட்டிக் கொடுத்தார்கள். எல்லோரும் உங்களைப்போல் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். இன்று ஒருவர் நிலத்தில், நாளை இன்னொருவர் நிலத்தில் என்று முறைவைத்து வேலை செய்வீர்கள். கூலி கிடையாது. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் சோறு போடுவார்கள், அவ்வளவுதான். அவர்களில் மூத்தவர் கருப்பண்ணன். தோட்டத்தில் அரை ஆயுள் கான் வெட்டியவர். உங்களுக்கு மாமா முறை.

நான் திரும்பி வந்தபோது கான் வெட்டி முடிந்திருந்தது. பக்கங்கள் சீவினாற்போல் இருந்தன. அவ்வளவு அழகான கானை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஆனால் அது என் கோட்டில் இல்லை. மலைமூக்கு திரும்பும் இடத்திலிருந்து அது தோட்டத்துக் கான்போல் வேகமாகக் கீழே இறங்கி, கீழ்க்கொல்லையின் தலைமாட்டில் போய் முடிந்தது. ஐப்பசியில் மலைத்தண்ணீர் முழுவதும் அங்கே சேர்ந்து பாய்ந்தால் அந்தக் கொல்லை ஒரு நாள்கூடத் தாங்காது.

முதலில் நான் என்னைத்தான் சந்தேகித்தேன். குழாயை எடுத்துத் தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பார்த்தேன். முளைகள் நகர்ந்திருந்தன. யாரோ என் கோடு தவறென்று எண்ணி, எனக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்று சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதனால்தான் அதை யாரிடமும் குறையாகச் சொல்ல முடியவில்லை. வேலிப்பக்கம் கருப்பண்ணன் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னங்க ஐயா, கானு எப்பிடி? தண்ணிக்கு வழி தெரியுமா, இல்ல கூட ஒரு ஆள் போகணுமா?" என்றார். நான் சிரித்துவைத்தேன்.

மாலையில் நான் சாயத்தண்ணியைத் தொடாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டுதான் நீங்கள் கேட்டீர்கள்.

"ஐயா, கானு தப்பா?"

"நான் போட்ட கோடு இது இல்லீங்க."

அஞ்சலையம்மாள் அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தார். "எல்லாத்துக்கும் சோறு போட்டு அனுப்பியாச்சு. இனி எப்பிடிக் கூப்புடுறது? கூலிக்கா வந்தாங்க, சரியில்ல, திரும்ப வெட்டுங்கன்னு சொல்ல? நாளைக்கு நம்ம வீட்டுல ஒண்ணுன்னா எவன் வந்து நிப்பான்?"

அவர் சொன்னது சரி. கூலிக்காரரிடம் வேலையைத் திருத்தச் சொல்லலாம். அன்புக்கு வந்து முதுகொடிந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? நானும் சும்மா வந்தவன், அவர்களும் சும்மா வந்தவர்கள். இரண்டு இலவசங்களுக்கு நடுவில் உங்கள் நிலம் மாட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் என் பக்கம் திரும்பி, "ஒங்க கோடு சரின்னு ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றீர்கள்.

அந்தக் கேள்வியை எனக்கு மேலே இருந்தவர்கள் கேட்டிருந்தால் 'ஆம்' என்றிருப்பேன். அதற்குத்தான் சம்பளம். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"தெரியாதுங்க. கருவி அப்படித்தான் காட்டுது. மழை வந்தாத்தான் தெரியும். தப்பாப் போனா ஒங்க நெலந்தான் போகும். எனக்கு ஒண்ணும் போகாது."

அஞ்சலையம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். நீங்கள் சிரித்தீர்கள். சந்தோஷத்தில் சிரித்ததுபோல் தெரியவில்லை. அலுப்பில் வந்த சிரிப்பு.

"ஊர்ல என்னயக் கப்பலேத்துனவன் நிச்சயமாத்தான் சொன்னான். பெரிய கங்காணி நிச்சயமாச் சொன்னாரு. இந்த நெலத்த வித்த மொதலாளி, எதப் போட்டாலும் வெளையும்னு நிச்சயமாச் சொன்னாரு. தெரியாதுன்னு சொன்ன மொத ஆளு நீங்கதாங்க ஐயா. ஒங்க கோட்டுலயே வெட்டிருவோம்."

மறுநாள் காலையில் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். நான் பின்னால் வந்து வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே வர எனக்குத் துணிவில்லை.

"மாமா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஐயா அடிச்ச முளைய மாடு சாச்சுப்புடுச்சு. நான் நிமித்தி நட்டேன். எடம் மாறி நட்டுட்டேன் போல."

கருப்பண்ணன் மம்பட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். கை நின்றது. முளையைப் பிடுங்கி மாற்றி நட்டவர் அவர்தான். அது அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பதும் அந்த நொடியில் அவருக்குப் புரிந்திருக்கும்.

"மாடா?"

"ஆமா மாமா."

"யார் வீட்டு மாடு?"

"எங்க வீட்டு மாடுதான்."

"ஒங்க வீட்டுல மாடே கெடையாதே மாப்ள."

நீங்கள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றீர்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேலியில் ஏதோ கொடியைப் பார்த்தேன். பிறகு அவர் காம்பை ஒரு கல்லில் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினார்.

"சரி. அந்த மாடு இனி இந்தப் பக்கம் வந்தா கட்டிப்போடு. ஐயாவ மறுபடி முளை அடிக்கச் சொல்லு. எல்லாரையும் நான் கூப்புடுறேன். சோத்துக்குக் கருவாடு வேணும், சொல்லிப்புட்டேன்."

அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் மாடு நலமா என்று விசாரித்தார்கள். பால் கறக்கிறதா என்று கேட்டார்கள். நீங்கள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். பழைய கானை மூடி, கெட்டிப்படுத்தி, புதிதாக என் கோட்டில் வெட்டினார்கள். வெட்டுகிறபோதே அவர்களில் ஒருவர் குனிந்து பார்த்து, "இது மேலதான் ஏறுது, கண்ணால பாக்குறேன்ல" என்று முணுமுணுத்தார். கருப்பண்ணன், "வெட்டுடா, தண்ணிக்கு இல்லாத கவல ஒனக்கென்ன" என்றார். கரைமுழுக்க மானாப் புல்லைப் பிடுங்கி வந்து நட்டோம். என் கையில் பல நாள் அந்த வாசனை இருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. நான் பதுளையில் என் அறையில் உட்கார்ந்து ஓட்டின்மேல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே தெருவோரச் சாக்கடையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போவதைப் பார்ப்பேன். அது எங்கோ ஒருவருடைய கொல்லை. உங்களுடையதாக இருக்கலாம்.

மழை விட்ட பிறகு நடந்தே வந்தேன். வருகிற வழியில் இரண்டு பக்கமும் மலை தோலுரிந்து கிடந்தது. உங்கள் வளைவு திரும்பியபோது கால் எடுத்துவைக்க மனமில்லை. வேலிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றேன். மண்வெட்டியின் சத்தம் கேட்டது.

மேல் மூலையில் கரை உடைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பாத்தி அளவு மண் போய்விட்டது. என் கணக்கில் அங்கே ஏதோ பிசகு; இன்றுவரை என்னவென்று கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற இடமெல்லாம் நின்றது. கான் முழுக்க வண்டல் தங்கியிருந்தது. நீங்கள் அதை வெட்டிக் கூடையில் போட, அஞ்சலையம்மாள் சுமந்துபோய் மேலே கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடிப்போன மண்ணப் புடிச்சு வீட்டுக்குத் திருப்பி அனுப்புறோங்க" என்றீர்கள், நிமிராமலே. உடைந்த மூலையைப் பற்றி நான் பேச வாயெடுத்தேன். "அது கெடக்கட்டும். மொதல்ல சாயத்தண்ணி குடிங்க" என்றீர்கள்.

இந்த இடத்தில் முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். உங்களுக்குத் தெரியும், அப்படி எதுவும் முடியவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கான் நிறைந்தது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அள்ளிச் சுமக்க வேண்டியிருந்தது. மண் இறங்குவதும் நீங்கள் ஏற்றுவதுமாக வருஷங்கள் போயின. அரிசி வரத் தொடங்கியதும் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் குறைந்தது. என்னை மேஜைவேலைக்கு மாற்றி, பிறகு ஓய்வும் கொடுத்துவிட்டார்கள். நான் பார்த்த நிலங்களில் பெரும்பாலானவற்றில் முளைகளே மிஞ்சின. அவையும் அடுப்புக்குப் போயிருக்கும். உங்களைக் காண வரும்போதெல்லாம் இதைச் சொல்லிப் புலம்புவேன். நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்வீர்கள். "அலுப்பாத்தாங்க இருக்கு" என்பீர்கள். ஆறுதலாக வேறெதுவும் சொல்ல மாட்டீர்கள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. அலுத்துப்போன இரண்டு பேர் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பதில் ஒரு நிம்மதி உண்டு.

போன மாசியில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். செய்தி எனக்குக் காலையில் வந்தது. இப்போது பதுளைவரை ரயில் ஓடுகிறது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து உங்கள் மேட்டுக்கு ஏறுவது எனக்குப் பழையபடி இல்லை. நான் வந்து சேர்ந்தபோது பாடை கட்டிவிட்டார்கள். அஞ்சலையம்மாள் என்னைப் பார்த்ததும் அழவில்லை. அழுது முடித்திருந்தார். "லயத்துக்குப் போகாமலே போய்ட்டாரு ஐயா" என்று மட்டும் சொன்னார்.

உங்கள் வீட்டிலிருந்து பாதைக்கு இறங்க நேர்வழி கொல்லை நடுவே போகிறது. கானைக் குறுக்கே தாண்ட வேண்டும். சுமந்தவர்கள் அப்படித்தான் இறங்கப் பார்த்தார்கள். முன்னவர் புல்லில் கால் வைக்கப்போன நேரத்தில் கருப்பண்ணன் கோலை நீட்டி மறித்தார். அவருக்கு அப்போது கண் சரியாகத் தெரியவில்லை.

"கரைய மிதிக்காதீங்கடா. கானோட போயி, முடியிற எடத்துல எறங்குங்க."

"சுத்து அதிகமாச்சே பெரியப்பா. பொழுது சாயுது."

"சாயட்டும். நாலு பேரு பாரத்தோட மிதிச்சா கரை நிக்குமா? ஐப்பசிக்கு யாரு வந்து கட்டுவா, நீயா?"

முன்னவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். கானின் மேற்புறமாக, அதன் நீளம் முழுவதும், மலைமூக்கைச் சுற்றிக்கொண்டு உங்களைக் கொண்டுபோனார்கள். தோளில் பாடை சாயவில்லை; அவ்வளவு மெதுவான இறக்கம். நான் கடைசியில் வந்தேன். கான் முடியும் இடத்தில் எல்லோரும் எனக்காகக் கொஞ்சம் நின்றார்கள். அதன்பிறகுதான் கீழே இறங்கினோம்.

மேல் மூலையில் அன்று ஏன் உடைந்தது என்று இப்போதும் சில நாள் தாளில் கோடு போட்டுப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. எப்போதாவது யாராவது வந்து, எங்கள் சரிவையும் ஒருமுறை பாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைத்தால் போகிறேன். காசு வேண்டாம் என்கிறேன். இந்தக் கோடு சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் சொன்ன அந்த நாளுக்கு முன்பு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. சிலர் நன்றி சொல்லி என்னைத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் கத்தியை எடுத்துக்கொண்டு முளைக்குக் குச்சி வெட்டப் போகிறார்கள்.